வண்டியின் நெற்றிச் சந்தனமும் சாரதி சுலக்ஷனாவின் இடைநிறுத்தமும்

அனுப்புபவர்:
அ. ஞானரட்ணம்,
ஆங்கில ஆசிரியர், முன்னாள் பதில் அதிபர்,
ஆசிரியர் விடுதி,
கெர்ன்லி தோட்டம், மேற்பிரிவு,
ஹட்டன் வழி.

பெறுநர்:
பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள்,
மலைச்சாரல் தோட்டச் சமூக நலன்புரி நிலையம்,
ஹட்டன்.

விடயம்: கிளினிக் வாகனச் சாரதி செல்வி மு. சுலக்ஷனா மீதான இடைநிறுத்தத்தை நீக்கி, எதிர்வரும் 30ஆம் திகதிக் கிளினிக் பயணத்துக்கு முன் அவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு வேண்டுதல்.

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா,

1. என் பெயரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்த கடிதங்களில் நன்றி சொல்ல எழுதப்பட்ட முதலாவது கடிதம் இதுவாகத்தான் இருக்கும். முந்தியவை எல்லாம் முறைப்பாடுகள். அவற்றை எழுதியதற்காக நான் வருந்தவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராததை மறக்கவும் இல்லை. ஆயினும் மேற்பிரிவு நோயாளிகளுக்கு ஒரு வாகனம் வேண்டும் என்று நான் எழுதிய மனுவைத் தாங்கள் வாசித்தீர்கள். அதன் பயனாக இவ்வாண்டு மார்ச் மாதம், இங்கே எல்லோரும் ஜீப் என்றே அழைக்கும் அந்த எஸ்யூவி வாகனம் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன் என் மனைவி தெரேசா தேயிலைக் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பிரதான வீதிக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி வைத்தியசாலைக்குப் போய்வந்தவர். அவர் நீரிழிவு நோயாளி. இரண்டு பாதங்களும் முதுகின் கீழ்ப்பகுதியும் மரத்துப்போனவர். இந்த ஆண்டுதான் கிளினிக் நாளான வியாழக்கிழமைகளில் அவர் முகம் சுளிக்காமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டதைப் பார்த்தேன். இதற்காகத் தங்களுக்கு என் உளமார்ந்த நன்றி. இதை மனுக்களில் வழக்கமாக எழுதப்படும் ஒரு வரியாகக் கொள்ள வேண்டாம்.

2. வாகனத்தைக் கொடுத்தவர் தாங்கள். அதில் எங்கள் மக்களைப் பத்திரமாக இறக்கி, பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்தவர் சாரதி சுலக்ஷனா. முதலாவது நன்றியை ஏற்றுக்கொள்ளும் தாங்கள் இரண்டாவது நன்றியையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

3. இம்மாதம் 8ஆம் திகதியிட்ட கடிதத்தின் மூலம் அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டுள்ளார். அக்கடிதத்தில் நான்கு குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. ஆயுத பூஜையில் வாகனத்துக்கு வைத்த சந்தனப் பொட்டை அழித்து மத உணர்வைப் புண்படுத்தினார். வாகனத்தில் இருக்கும் ஆசனச் சூட்டு வசதியை ஒரு நோயாளிக்கு மறுத்தார். பொறுப்பான உத்தியோகத்தரிடம் சாவியைக் கொடுக்க மறுத்தார். காரணமின்றித் திடீரென்று பிரேக் போட்டுப் பயணிகளை அச்சுறுத்தினார். விசாரணைக்கு இன்னும் திகதி குறிக்கப்படவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் அவர் வீடு நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால் நான் இரக்கம் கேட்டு எழுதவில்லை. இந்த நான்கு செயல்களும் குற்றங்கள் அல்ல. அந்த வாகனத்தை எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படி ஓட்டியதன் அடையாளங்கள் என்று காட்டவே எழுதுகிறேன்.

4. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். வாகனத்துடன் வந்த கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. சிங்களத்தில் ஒரு சுருக்கம் இருந்தது. தமிழில் ஒரு வரியும் இல்லை. இதுபற்றி ஏப்ரல் மாதம் நான் அனுப்பிய கடிதம் கிடைத்ததா என்று இங்கே கேட்கப்போவதில்லை. சுலக்ஷனா அந்தத் தடித்த நூலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை: "சேர், நீங்க யாருக்கும் ஒதவ மாட்டீங்கன்னு சொன்னாங்க. நெசமான்னு கேட்டுப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் நண்பர்கள் குறைவு. எனக்கும் அதே நிலை. ஆகவே இடையூறு செய்ய ஆளில்லாமல் சில ஞாயிறுகளில் அந்த நூலை முடித்தோம். நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி கேட்டார். எங்கள் பாடசாலையில் அப்படிக் கேட்கும் மாணவர்கள் இருந்திருந்தால் நான் நிரந்தர அதிபராக்கப்படாமல் பதில் அதிபராகவே விலக்கப்பட்டதன் வருத்தம் பாதியாகக் குறைந்திருக்கும்.

5. எங்கள் வீதியைத் தாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள், அன்று வெயில். மழையில் அது வேறு வீதி. மேற்பிரிவிலிருந்து தொழிற்சாலை வரை கல்லும் சேறுமாக ஒரே இறக்கம். அந்த வாகனத்தில் இறக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் சக்கரங்கள் கறகறவென்று ஒலி எழுப்பும். முதல் நாள் பெண்கள் அலறினார்கள். சுலக்ஷனா அவர்களுக்கு அந்த ஒலி ஏன் வருகிறது என்று சொல்லிவிட்டு, காலைப் பிரேக்குக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார். வசதி இருக்கிறது என்பதற்காகக் காலை மடக்கிக்கொண்டு உட்காரவில்லை. நிறுத்தும் இடங்களில் பொத்தானை அழுத்தினால் கைப்பிரேக் தானே பிடிக்கும். அதையும் அழுத்தி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பார். லயத்துக் குடியிருப்புப் பையன்கள், "இவ்வளவு பெரிய வண்டிக்குக் கல்லு எதுக்குக்கா, அவமானமா இல்லயா?" என்று கேலி செய்தபோது அவர் சொன்ன பதில் இன்று எங்கள் பிரிவில் பழமொழிபோல் வழங்குகிறது: "வண்டி பெருசுதான்டா. மலை அதவிடப் பெருசு."

6. இனி முதலாவது குற்றச்சாட்டு. ஆயுத பூஜை அன்று வாகனத்தைக் கோயில் முன் நிறுத்தி, கழுவி, வாழைக்கன்று கட்டி, பூஜை செய்தார்கள். எங்கள் தோட்டங்களில் கொழுந்து லொறி முதல் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி வரை எல்லாவற்றுக்கும் அந்த மரியாதை உண்டு. ஆலய பரிபாலன சபைத் தலைவர் திரு. ஆண்டியப்பன் தாமே ஏணி வைத்து ஏறி, முன் கண்ணாடியின் மேல் நடுவில் கனமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். "வண்டிக்கு நெத்தி அங்கனதான இருக்கு" என்று சொன்னாராம். அவர் சொன்னது சரி. எவரும் நெற்றி என்று அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். தேசிக்காயும் செவ்வந்தியும் கோத்த மாலையை வாகனத்தின் முன்பக்கச் சின்னத்தை மூடிக் கட்டினார்கள். அதுவும் இயல்பானதே.

7. ஆனால் அந்த வாகனத்தின் கண்கள் அவ்விரண்டு இடங்களிலேயே இருக்கின்றன. கண்ணாடியின் மேல் நடுவில், உட்பக்கமாக, ஒரு சிறிய கமரா. சின்னத்துக்குப் பின்னால் இன்னொரு கருவி. முன்னால் ஆளோ வாகனமோ நெருங்கினால் ஒலி எழுப்பி, தேவைப்பட்டால் பிரேக்கும் போடுவது இவை இரண்டும் சேர்ந்துதான். சந்தனம் காய்ந்து ஒரு அப்பளம் போல் கமராவை மூடியிருந்தது. வியாழன் காலை வாகனத்தை இயக்கியதும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முன்புறக் கண்காணிப்பு வேலை செய்யாது என்று அதற்குப் பொருள். பல சாரதிகள் அந்த விளக்கோடேயே ஓட்டியிருப்பார்கள்.

8. சுலக்ஷனா என்ன செய்தார் என்பதை என் மனைவி ஆசனத்தில் இருந்தபடி பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஈரத்துணியால் கண்ணாடியின் சந்தனத்தைத் துடைத்தார். துடைத்ததைக் கீழே போடாமல் ஒரு வாழையிலையில் வைத்தார். புதிதாகக் குழைத்த சந்தனத்தை போனட்டின் நடுவில் வைத்துக் குங்குமமும் இட்டார். மாலையை அவிழ்த்து, கூரையின்மேல் இருக்கும் கம்பியில் கட்டினார். கண்ணாடிக்கு உள்ளே தொங்கவிடலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, பார்வையை மறைக்கும் என்று மறுத்தார். அவரும் அதே கோயிலில் வெள்ளிதோறும் விளக்கு வைப்பவர்தான்.

9. அந்த நேரத்தில் தலைவர் வந்தார். "சாமி பொட்டத் தொடைக்கிறியே புள்ள, ஒனக்குக் கையி கூசலயா?" என்று கேட்டார். அதற்கு இவர், "சாமி யாரு கண்ணயும் மறைக்காதுங்க தலைவரே. நீங்கதான் மறைச்சிட்டீங்க" என்றார். ஐயா, இந்தப் பதில் தேவையற்றது. வயதில் மூத்தவரிடம் பலர் முன்னிலையில் அப்படிப் பேசியிருக்க வேண்டியதில்லை. அதை நான் அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்காகத் தண்டிப்பதென்றால் கடிதத்தில் பேச்சைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், சந்தனத்தை அல்ல. தலைவருக்கும் எனக்கும் உள்ள பழைய கசப்பையும் தாங்கள் அறிவீர்கள். சாதாரணதரப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தக் கேட்ட என்னை அவர் பல்லிளித்துத் திருப்பி அனுப்பினார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை. அப்படியிருந்தும் எழுதுகிறேன்: அவர் அந்தப் பொட்டை வைத்தது அன்பினால். நோயாளிகள் நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று நினைத்தே வைத்தார். யார்மீதும் குற்றமில்லாத ஒரு தவறு அது. அதைச் சரிசெய்தவர்மீது மட்டும் குற்றம் ஏறியிருக்கிறது.

10. நான்காவது குற்றச்சாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அதே நாள் பிற்பகல் நடந்தது. கிளினிக் முடிந்து திரும்பும்போது தொழிற்சாலைக்கு மேலே மூடுபனி இறங்கிவிட்டது. சுலக்ஷனா பெரிய வெளிச்சத்தைப் போடவில்லை. பனியில் அது திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். கீழே இருக்கும் பனி விளக்குகளை மட்டும் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். கண்ணாடியின் உட்புறம் ஆவி படியத் தொடங்கியதும் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். பின்னால் இருந்த மீனம்மா, "அடியே, ஏற்கனவே வெறைக்குது, எங்கள ஐஸ்கட்டி ஆக்கப் போறியா?" என்று சத்தம் போட்டாராம். "ரோட்டப் பாக்கணுமா, ஒங்க போர்வையப் பாக்கணுமாக்கா? பெல்ட்ட மாட்டுங்க மொதல்ல" என்று பதில் வந்தது. சேலைக்கு மேல் ஆசனப்பட்டி கட்டினால் மடிப்புக் கலைந்துவிடும் என்று முணுமுணுப்பவர்கள்கூட அன்று கட்டிக்கொண்டார்கள். அது கட்டப்படும்வரை அவர் நகர மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

11. பாலத்துக்கு மேலுள்ள வளைவில் எங்கள் பிரிவைச் சேர்ந்த மூக்கன் நடந்துகொண்டிருந்தார். மாட்டுக்குப் புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் மழைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் படங்கைப் போர்த்தியிருந்தார். புல்லும் படங்கும் காதை மூடியதால் பின்னால் வந்த வாகனத்தின் ஓசை அவருக்குக் கேட்கவில்லை. பனியில் கறுப்புப் படங்கு பாறைபோல் தெரிந்ததாக என் மனைவி சொல்கிறார். அப்போது வாகனத்தில் எச்சரிக்கை ஒலி எழுந்தது. சிவப்பு விளக்கு மின்னியது. வாகனம் குலுங்கி நின்றது. என் மனைவியின் கைப்பை காலடியில் விழுந்தது. மீனம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி முன்னால் உருண்டது. ஆசனப்பட்டிகள் எல்லோரையும் பிடித்துக்கொண்டன. மூக்கன் திரும்பி, விழாமலிருக்க போனட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவ்வளவு அருகில். பின்னர் என்னிடம் அவர் சொன்னது: "வண்டியோட மூச்சு எம் முதுகுல பட்டுச்சுங்க சேர். ஏதோ மாடுதான் மோந்து பாக்குதுன்னு நெனச்சேன்."

12. கருவி முந்தியதா, சாரதியின் கால் முந்தியதா என்று நான் கேட்டேன். தெரியாது என்று சுலக்ஷனா நேர்மையாகச் சொன்னார். சந்தனம் இருந்திருந்தால் மூக்கன் இறந்திருப்பார் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. பொய்யை வைத்து நல்ல வழக்கை வெல்ல நான் விரும்பவில்லை. பனியில் அந்தக் கமராவும் நம்மைப் போலவே தடுமாறும் என்று கைநூலும் எச்சரிக்கிறது. அதனால்தான் அவர் ஊர்ந்து வந்தார். அதை நான் சுட்டிக்காட்டியபோது அவர் சொன்ன பதிலைத் தாங்கள் கேட்க வேண்டும்: "பனியில அதுக்கும் சரியாக் கண்ணு தெரியாதுதான் சேர். அதுக்காக இருக்கிற கண்ணையும் பொத்திவிட்டுட்டா ஓட்டுறது?" வேகத்தைக் குறைத்தவரும் அவரே. கருவியின் கண்ணைத் திறந்துவைத்தவரும் அவரே. அவர் இரண்டையும் செய்ததால் மூக்கன் இன்றும் புல் அறுக்கிறார். இந்த நிறுத்தத்தைக் காரணமற்றது என்று எழுதியவர் முன் ஆசனத்தில் இருந்த நலன்புரி உதவியாளர் மிலான். அந்த நேரத்தில் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அது சட்டையில் கொட்டியது. முறைப்பாட்டில் சட்டை குறிப்பிடப்பட்டிருக்கிறது. மூக்கன் குறிப்பிடப்படவில்லை.

13. மிலான் என்னிடம் ஆங்கிலம் படித்தவர். அவருடைய பரீட்சைச் சித்தியில் எனக்குச் சிறு பங்கு உண்டு. அவர் அதை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை, இருக்கட்டும். ஆனால் இரண்டாவது குற்றச்சாட்டில், வசதி மறுக்கப்பட்ட நோயாளி என்று அவர் என் மனைவியின் பெயரை எழுதியிருக்கிறார். தெரேசாவையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. எங்கள் பெயரால் ஒருவருடைய சோற்றில் மண் விழுவதை நாங்கள் ஏற்கவில்லை என்பதை இதன்மூலம் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

14. நடந்தது இதுதான். அந்த வாகனத்தின் ஆசனங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் சூடேறும். நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறியதும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். சுலக்ஷனா மற்றவர்களுக்குச் சிறிது நேரம் போட்டுவிட்டு நிறுத்துவார். தெரேசாவுக்கு மட்டும் போட மறுத்தார். என் மனைவி அன்று மனம் நொந்து வீடு வந்தார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கைநூலில், உடல் மரத்தவர்களும் நீரிழிவு நோயாளிகளும் அந்தச் சூட்டைப் பயன்படுத்தக் கூடாது, தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துச் சொன்னவன் நான். அதைக் கேட்டு என் மனைவியை நினைத்தவர் அவர். கிளினிக் தாதியும் அதையே உறுதிசெய்தார். வெந்நீர்ப் போத்தலில் முதுகு வெந்து, சட்டை ஒட்டிய பிறகே அறிந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். மறுவாரம் சுலக்ஷனா தம் வீட்டிலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து தெரேசாவின் மடியில் போட்டார். "சூடு குடுக்கலன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. இது சுடாது" என்றார். அதைத் திருப்பிக் கொடுக்க இருமுறை முயன்றோம். வாங்கவில்லை.

15. சாவி பற்றிய மூன்றாவது குற்றச்சாட்டு சுருக்கமானது. இந்த வாகனத்துக்குச் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்ப வேண்டியதில்லை. சாவி அருகில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டவர் எவருக்கும் கதவு திறக்கும். எவர் பொத்தானை அழுத்தினாலும் இயங்கும். தொடக்கத்தில் மிலான் அதைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். யூலை மாதம் ஒருநாள், வாகனம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் சொந்த வேலையாக வழியில் கினிகத்தேனையில் இறங்கினார். சாவியும் அவருடன் இறங்கியது. வாகனம் ஒலி எழுப்பியது. "அது சும்மா கத்தும், நீ போ" என்றார். சாவி போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் ஓடும். வைத்தியசாலை வாசலில் நிறுத்தினால் மறுபடி இயங்காது. அப்படித்தான் நடந்தது. கிளினிக் முடிந்து, பசியோடு இருந்த நோயாளிகள் மழையில் மரத்தடியில் நின்றார்கள். மிலான் பஸ்ஸில் வந்துசேர இருட்டத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து சுலக்ஷனா சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்கிறார். வண்டியில் ஆட்களும் மருந்துகளும் இருக்கும்போது எவரிடமும் கொடுப்பதில்லை. இது மரியாதைக் குறைவு அல்ல. எந்தப் பாடசாலையிலும் பொறுப்பு என்றுதான் இதற்குப் பெயர்.

16. தற்போது வாகனத்தை ஓட்டும் தற்காலிகச் சாரதி நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. எவர்மீதாவது மனத்தாங்கல் இல்லை என்று நான் எழுதுவது அரிது என்பதையும் தாங்கள் கவனிக்கலாம். ஆனால் எச்சரிக்கை ஒலி தலைவலி தருகிறது என்று அவர் அதை நிறுத்திவைத்திருக்கிறார். கேட்டவர்க்கெல்லாம் கேட்ட நேரம் முழுவதும் ஆசனச் சூட்டைப் போடுகிறார். ஆசனப்பட்டி கட்டாதவர்களைக் கேட்பதில்லை. மக்கள் அவரைப் புகழ்கிறார்கள். வாகனத்தின் எல்லாச் சுகமும் இப்போது கிடைக்கிறது. அதன் காவல் மட்டும் இல்லை.

17. என் மனைவி அதில் ஏற மறுக்கிறார். "அந்தப் புள்ள இல்லாத வண்டியில நான் ஏறலங்க. நீங்க கத்துனாலும் சரி" என்று சொல்லிவிட்டார். நான் கத்தியும் பார்த்தேன். கடந்த இரண்டு வியாழக்கிழமைகளிலும் தொழிற்சாலை வரை நடந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். நேற்றைய பயணத்தில் யாரோ அவருடைய காலை மிதித்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோதுதான் இரத்தம் ஒட்டியிருப்பதைக் கண்டோம். சிறுவிரல் பக்கம் தோல் கிழிந்திருக்கிறது. இன்று காலை தோட்ட வைத்திய உதவியாளர் கட்டுப் போட்டார். நீரிழிவுக் கால் என்பதால் 30ஆம் திகதிக் கிளினிக்கில் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும், அதுவரை நடக்கவும் நெரிசலில் நிற்கவும் கூடாது என்றார். அந்தக் காலோடு அவரைப் பஸ்ஸில் அனுப்ப எனக்குத் துணிவில்லை. அந்தப் பயணத்துக்கு எங்களிடம் வேறு வாகனமும் இல்லை.

18. ஆகவே தங்களை வேண்டுவது ஒன்றே. விசாரணை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். சாட்சி சொல்ல நானும் தெரேசாவும் மூக்கனும் வருகிறோம். அதற்கு முன் சுலக்ஷனாவின் இடைநிறுத்தத்தை நீக்கி, 30ஆம் திகதி அவரையே அந்த வாகனத்துடன் அனுப்புங்கள். அத்துடன், கைநூலின் பாதுகாப்புப் பகுதிகளைத் தமிழில் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். கூலி வேண்டாம். என் பெயரை அச்சிடவும் தேவையில்லை. அச்சிடுவதானால் எழுத்துப் பிழையில்லாமல் அச்சிடவும். முன்பு ஒருமுறை தங்கள் அலுவலகம் என்னை ஞானரத்தினமாக்கியது. அந்தச் சிறு நூலின் முதற்பக்கத்திலேயே, பூஜையின்போது சந்தனம் வைக்கத்தக்க இடங்களையும் தவிர்க்க வேண்டிய இடங்களையும் படமாகக் காட்டிவிட்டால், இனி எந்தத் தோட்டத்திலும் ஒரு பக்தரும் ஒரு சாரதியும் இதற்காக முகம் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.

19. இம்மனுவைத் தபாலில் சேர்க்கும் முன் ஆலயத் தலைவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று மூக்கன் பிடிவாதமாக நிற்கிறார். "அவருக்குத் தெரியாம அவரப் பத்தி எழுதுனா அது கோள் மூட்டுறதுங்க சேர்" என்கிறார். அதில் நியாயம் இருப்பதால் தடுக்கவில்லை. தலைவரிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. கீழே சிறிது இடம் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கொடுத்த வாகனத்துக்காக மீண்டும் நன்றி கூறி, அதை ஓட்டத் தெரிந்தவரையும் எங்களுக்குத் திருப்பித் தருவீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

தங்கள் உண்மையுள்ள,
அ. ஞானரட்ணம்

இடம்: கெர்ன்லி தோட்டம், மேற்பிரிவு
திகதி: 24.10.2025

மேலே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டோம். உண்மை.
தெரேசா ஞானரட்ணம்
பெ. மூக்கன்

(தலைவரின் கையெழுத்தில்)

பணிப்பாளர் ஐயாவுக்கு வணக்கம். சேர் எழுதுனத மூக்கன் வீட்டுல வச்சி முழுசாக் கேட்டேன். கண்ணு அங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. அந்தப் புள்ளயும் நிதானமாச் சொல்லல. எனக்கும் கோவம் வந்துருச்சு. மூக்கன் எங்க சபை ஆளு. அவன் உசுரோட வந்து என் முன்னால குந்தியிருக்கான். நான் போன்ல சொன்ன புகார வாபஸ் வாங்கிக்கிறேன். அடுத்த வருஷம் அந்தப் புள்ளகிட்டக் கேட்டுக்கிட்டே பொட்டு வைப்போம். தெரேசாம்மா காலு புண்ணு ஆறணும். வர்ற வியாழக்கெழம அந்தப் புள்ளயே வண்டி ஓட்டட்டும்.

க. ஆண்டியப்பன்
தலைவர், ஆலய பரிபாலன சபை

பி.கு.: இக்குறிப்பைத் தலைவர் என் வீட்டுக்கு வந்து, என் மேசையில் அமர்ந்து, தாமாகவே எழுதினார். நான் கேட்டு வாங்கவில்லை. அவருக்கும் என் நன்றியைத் தெரிவித்தேன் என்பதைக் கோப்பில் பதிந்துகொள்ளவும். 30ஆம் திகதி காலை தெரேசா எங்கள் வாசலில் ஒரு நாற்காலியில் அமர்ந்து காத்திருப்பார். — அ.ஞா.